திருக்கல்லறையைப் பழுதுபார்ப்பது யார்?



எருசலேம் பழைய நகரத்தின் கிறிஸ்தவர் பகுதியில் ஓர் ஆலயம் இருக்கிறது. இயேசு சிலுவையில் அறையப்பட்ட கல்வாரியும், அவரை அடக்கம் செய்த கல்லறையும் அந்த ஒரே கூரையின் கீழ் இருப்பதாக 4-ஆம் நூற்றாண்டு முதல் கிறிஸ்தவ உலகின் பெரும்பகுதி நம்பி வருகிறது. மேற்கத்தியத் திருச்சபைகள் அதைத் திருக்கல்லறை ஆலயம் என்கின்றன. கிழக்குத் திருச்சபைகள் உயிர்ப்பு ஆலயம் என்கின்றன. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நம் ஊர்க் கோவில்களில் சிலுவைப்பாதை செய்கிறோம் அல்லவா? அந்த 14 நிலைகளில் கடைசி ஐந்தும் அந்த ஆலயத்துக்குள்ளேதான் இருக்கின்றன. அரசு மானியம் பெற்றும் சொந்தச் செலவிலும் தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் பலர் அங்கே போய்வருகிறார்கள். இந்த அவையிலும் சிலர் இருக்கக்கூடும்.

போய்வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். கல்லறையைத் தொட்டபோது கண்ணீர் வந்துவிட்டது என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, இவ்வளவு பெரிய திருத்தலம் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்பார்கள். கரி படிந்த சுவர்கள், பெயர்ந்த தரைக்கற்கள், ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் ஒட்டாத அலங்காரம், ஒரே நேரத்தில் மூன்று மொழிகளில் மோதிக்கொள்ளும் வழிபாடு. அந்த ‘ஏன்’ என்ற கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

அந்த ஆலயத்தில் ஆறு திருச்சபைகளுக்குப் பங்கு உண்டு. கிரேக்க ஆர்த்தடாக்ஸ், பிரான்சிஸ்கன் துறவியர் வழியாக உரோமைக் கத்தோலிக்கம், ஆர்மீனியத் திருச்சபை ஆகிய மூன்றும் பெரிய பங்காளிகள். காப்டிக், சிரியன் ஆர்த்தடாக்ஸ், எத்தியோப்பியத் திருச்சபைகள் சிறிய பங்காளிகள். கவனிக்க ஆளில்லாமல் அந்த ஆலயம் சிதையவில்லை. அதைக் கவனிக்கும் உரிமைக்காக ஆறு பேரும் துடித்ததால்தான் அது சிதைந்தது. நம் ஊரில் பங்காளிகள் இருவருக்குப் பொதுவான சுவரில் ஒருவர் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கினால் மற்றவர் ஓடிவந்து தடுப்பார். சுண்ணாம்பின் மேல் அவருக்கு என்ன பகை? நாளைக்கு வழக்கென்று வந்தால், ‘இத்தனை வருஷமாகப் பராமரித்தவன் நான்தானே’ என்று இவர் சொல்லிவிடுவார் என்ற பயம்தான். ஒட்டோமான் ஆட்சியில் எருசலேமின் திருத்தலங்களில் நடைமுறையாக வேரூன்றியதும் இதே கணக்குதான். கூரையையோ தரையையோ பழுதுபார்ப்பவருக்கு அது சொந்தம். ஒரு தூணில் விளக்கோ படமோ மாட்ட உரிமை உள்ளவருக்கு அந்தத் தூண் சொந்தம். ஒரு படியைப் பெருக்குகிறவருக்கு அந்தப் படி சொந்தம். இந்த ஒரு விதியைக் கையில் பிடித்துக்கொண்டால் பதினேழு நூற்றாண்டுச் சரித்திரமும் புரிந்துவிடும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு பழைய கல்குவாரி. இயேசுவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எருசலேமின் கட்டடங்களுக்கு அங்கிருந்து கல் வெட்டினார்கள். நல்ல கல் தீர்ந்தபின் மண்ணிட்டு நிரப்பினார்கள். பக்கப் பாறைகளைக் குடைந்து கல்லறைகள் அமைத்தார்கள். வெட்டி எடுக்கத் தகுதியில்லை என்று விட்டுவைத்த பாறை ஒன்று நடுவே திட்டாக நின்றது. கொல்கொதா, அதாவது கல்வாரி, என்று இன்று காட்டப்படுவது அதுதான். 1960-களில் தொல்லியலாளர் கேத்லீன் கென்யன் ஆலயத்துக்குத் தெற்கே அகழ்ந்தபோதும், பிரான்சிஸ்கன் துறவியான வீர்ஜிலியோ கோர்போ ஆலயத்துக்குள்ளேயே ஆய்ந்தபோதும் அந்தக் குவாரியின் தடயங்கள் வெளிப்பட்டன.

நகர மதிலுக்கு உள்ளே இருக்கும் இடம் எப்படிக் கொலைக்களமாக இருந்திருக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டில் பலர் கேட்டார்கள். பிரிட்டிஷ் தளபதி சார்லஸ் கோர்டன் 1883-இல் எருசலேமுக்கு வந்து, வடக்கு மதிலுக்கு வெளியே உள்ள ஒரு குன்றைக் கல்வாரி என்று அடையாளம் காட்டினார். அதன் அருகிலுள்ள தோட்டக் கல்லறைக்கு இன்றும் புராட்டஸ்டன்ட் பயணிகள் அதிகம் போகிறார்கள். அமைதியான, அழகான இடம். ஆனால் அந்தக் கல்லறை இயேசுவுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது என்று இஸ்ரேலியத் தொல்லியலாளர் கபிரியேல் பார்க்காய் காட்டியிருக்கிறார். மதில் பற்றிய கேள்விக்கும் விடை உண்டு. பழைய இடத்தை உள்ளடக்கிய மதிலை எழுப்பத் தொடங்கியவர் முதலாம் அகிரிப்பா மன்னர். அவர் எருசலேமை ஆண்டது கி.பி. 41 முதல் 44 வரை. இயேசு இறந்தபோது அந்த இடம் நகருக்கு வெளியேதான் இருந்தது. அடக்கம் செய்யும் இடமாகவும் இருந்தது என்பதற்குச் சாட்சி ஆலயத்துக்குள்ளேயே, சிரியன் சபையினர் வழிபடும் சிற்றாலயத்தின் பின்சுவரில் இருக்கிறது. உடலை உள்ளே நீளவாக்கில் தள்ளி வைக்கும்படி பாறையில் குடைந்த முதல் நூற்றாண்டு யூதக் கல்லறைக் குழிகள் அவை. எந்தக் கல்லறை யாருடையது என்று தொல்லியல் கையெழுத்துப் போட்டுத் தராது. ஆனாலும் போட்டி இடங்கள் எதற்கும் இல்லாத வலு பழைய இடத்துக்கு இருக்கிறது என்பதே என் முடிவு.

கி.பி. 70-இல் எருசலேம் அழிந்தது. பேரரசன் ஹாட்ரியன் அதன்மேல் ஏலியா கப்பித்தோலினா என்ற உரோமை நகரைக் கட்டினான். குழியைத் தூர்த்து மேடை எழுப்பி, அங்கே வீனஸ் தேவதைக்குக் கோவில் அமைத்தார்கள் என்று எழுதுகிறார் செசரியா ஆயர் யூசேபியு. கிறிஸ்தவர்களின் நினைவை அழிக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. நோக்கம் எதுவாக இருந்தாலும், மண்ணுக்குள் புதைந்ததால்தான் அந்த இடம் தப்பியது. 325-இல் நீசேயாவில் பொதுச்சங்கம் கூடிய பிறகு, எருசலேம் ஆயர் மக்காரியுவின் காலத்தில், பேரரசன் கான்ஸ்டன்டைன் அந்தக் கோவிலை இடித்துத் தோண்டச் சொன்னான். தோண்டியபோது குடைவரைக் கல்லறை ஒன்று வெளிப்பட்டது. சுற்றியிருந்த மலைப்பாறையைச் செதுக்கி அகற்றி, கல்லறையை மட்டும் தனித்து நிற்கும் பாறைக்கூடாக விட்டார்கள். அருகே பெரிய பசிலிக்கா எழுந்தது. 335 செப்டம்பரில் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. அரசனின் தாய் ஹெலெனா உண்மைச் சிலுவையைக் கண்டெடுத்தார் என்ற செய்தி நமக்கெல்லாம் பழக்கம். அதே காலத்தில், அதே நாட்டில் வாழ்ந்த யூசேபியு அதைச் சொல்லவில்லை. அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் அது எழுத்தில் வருகிறது.

இந்தக் காலத்தைச் சேர்ந்த ஒரு சிறிய பொருளைப் பற்றிச் சொல்ல ஆசை. ஆலயத்தின் கிழக்குக் கோடியில் படியிறங்கினால் ஆர்மீனியர் வசமுள்ள புனித ஹெலெனா சிற்றாலயம் வரும். இறங்கும் வழிச் சுவர்களில் பயணிகளின் பெயரால் செதுக்கிய நூற்றுக்கணக்கான சிறு சிலுவைகள். அந்தச் சிற்றாலயத்தின் சுவருக்குப் பின்னால் 1970-களின் தொடக்கத்தில் ஆர்மீனியர்கள் தோண்டியபோது, பழைய அடித்தளச் சுவரில் ஒரு கல்லில் படம் கண்டார்கள். ஒரு உரோமைக் கப்பல். பாய்மரம் சாய்ந்திருக்கிறது. கீழே இலத்தீனில் இரண்டு சொற்கள், ஆண்டவரிடம் தாங்கள் வந்து சேர்ந்துவிட்டதைச் சொல்பவை. கடல்கடந்து வந்த யாரோ வரைந்தது. பேரரசர்கள், முதுபெரும்தந்தையர், சுல்தான்கள் என்று இந்தக் கதை முழுவதும் பெரிய பெயர்களாக நடமாடப்போகின்றன. இந்த இடம் யாருக்காக இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது அந்தப் பெயரில்லாத கப்பல்காரரைத்தான்.

614-இல் பாரசீகப் படை ஆலயத்தைத் தீயிட்டது. மொதெஸ்து என்ற துறவி நிதி திரட்டிச் செப்பனிட்டார். சில ஆண்டுகளில் அரபுப் படை வந்தது. முதுபெரும்தந்தை சொஃப்ரோனியு நகரை ஒப்படைத்தபோது, கலீஃபா உமர் ஆலயத்துக்குள் தொழ மறுத்துவிட்டார் என்றொரு மரபு உண்டு. தான் உள்ளே தொழுதால், உமர் தொழுத இடம் என்று சொல்லிப் பின்னால் வருபவர்கள் அதைப் பள்ளிவாசலாக எடுத்துக்கொள்வார்கள் என்றாராம். 10-ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியா முதுபெரும்தந்தை எவுத்திக்கியு இதை எழுதிவைத்திருக்கிறார். நிகழ்வுக்கு முந்நூறு ஆண்டு பிந்திய சாட்சி என்பதால் வரலாறாக அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் ஒரே ஒருமுறை செய்த செயல்கூட அங்கே உரிமையாகிவிடும் என்பதை இந்தக் கதையைச் சொன்னவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

1009-இல் வந்ததுதான் பேரழிவு. ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாக்கிமின் ஆணைப்படி ஆலயம் அடியோடு இடிக்கப்பட்டது. கான்ஸ்டன்டைன் காலத்தில் விட்டுவைத்த பாறைக்கூட்டையே உளிகொண்டு வெட்டினார்கள். அந்தப் பெரிய பசிலிக்கா பிறகு எழவே இல்லை. பைசாந்தியப் பேரரசன் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் 1048-வாக்கில் கல்லறையைச் சுற்றியுள்ள வட்ட மண்டபத்தை மட்டும் மீட்டுக் கட்டினான். செலவு பைசாந்தியத்தினுடையது, ஆகவே ஆலயத்தில் செல்வாக்கும் கிரேக்கர்களுடையதானது.

1099-இல் சிலுவைப்போர்ப் படை எருசலேமைக் கைப்பற்றியது. முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்த கையோடு அந்த வீரர்கள் இதே ஆலயத்துக்குள் வந்து நன்றி செலுத்தினார்கள். கிறிஸ்தவர்களாகிய நாம் இதை மறைத்துப் பேசுவது தகாது. ஆலயத்தில் அதுவரை வழிபட்டுவந்த கிழக்குத் திருச்சபைக் குருக்களை வெளியேற்றி இலத்தீன் குருக்கள் அமர்ந்தார்கள். உள்ளூர்க் கிறிஸ்தவர்களுக்கு அந்த வெற்றி தந்த முதல் பரிசு அதுதான். கல்வாரி, கல்லறை, மற்றச் சிற்றாலயங்கள் அனைத்தையும் ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவந்து 1149-இல் அர்ப்பணித்தார்கள். நாம் இன்று பார்க்கும் ஆலயம் பெரும்பாலும் அவர்கள் கட்டியது.

1187-இல் சலாவுதீன் எருசலேமை மீட்டார். ஆலயத்தை இடித்துவிட்டால் பயணிகள் வரமாட்டார்கள் என்று அருகிலிருந்த சிலர் யோசனை சொன்னார்கள். உமர் விட்டுவைத்ததைத் தான் இடிப்பதில்லை என்று அவர் முடிவெடுத்தார். முகப்பிலுள்ள இரண்டு வாசல்களில் வலது வாசல் கல்வைத்து அடைக்கப்பட்டது. இன்றும் அடைத்தபடியே இருக்கிறது. எஞ்சிய ஒற்றை வாசலின் பொறுப்பு இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம் இருக்கிறது. சாவியை வைத்திருப்பது ஜூதே குடும்பம். கதவைத் திறந்து மூடுவது நுசைபே குடும்பம். தங்கள் பொறுப்பு உமர் காலத்திலேயே தொடங்கியது என்கிறது நுசைபே குடும்ப மரபு. ஜூதே குடும்பத்தார் சலாவுதீன் காலத்தைச் சொல்கிறார்கள்.

அந்தக் கதவு திறப்பதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்ப்போம். பொழுது புலர நேரம் இருக்கிறது. உள்ளே இரவு முழுவதும் பூட்டிய ஆலயத்தில் தங்கியிருந்த துறவியர். வெளியே முற்றத்தில் சாவிக்காரர். கையளவைத் தாண்டும் நீளத்தில் பழைய இரும்புச் சாவி. கதவில் இரண்டு பூட்டுகள். ஒன்று கைக்கெட்டும் உயரத்தில், மற்றது மேலே. கதவிலுள்ள சிறு திட்டி திறக்கிறது. அதன் வழியே உள்ளேயிருந்து ஓர் ஏணியை வெளியே நீட்டுகிறார்கள். ஏணியை நீட்டும் முறை ஒருநாள் கிரேக்கருக்கு, ஒருநாள் பிரான்சிஸ்கன் துறவியருக்கு, ஒருநாள் ஆர்மீனியருக்கு. வெளியே நிற்பவர் ஏணியில் ஏறி மேல்பூட்டைத் திறக்கிறார். கோடைகாலத்தில் நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும்போது ஆலயத்துக்குள் மட்டும் பழைய நேரமே ஓடும். மாற்றினால் யாருடைய வழிபாட்டு நேரம் யாருடையதோடு மோதும் என்ற கேள்வி எழுந்துவிடும். முஸ்லிம் குடும்பத்தார் சாவி வைத்திருப்பதைக் கிறிஸ்தவர்களுக்கு அவமானம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பங்காளிகள் ஒருவர்மேல் ஒருவர் வைக்க முடியாத நம்பிக்கையை ஆறு சபைகளும் அந்த இரண்டு குடும்பங்களின் மேல் வைத்திருக்கின்றன. அது அந்தக் குடும்பங்களுக்குப் பெருமை.

பின்னர் மம்லுக் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் நேப்பிள்ஸ் அரசர் இராபர்ட்டும் அரசி சாஞ்சியாவும் சுல்தானிடம் பேசி பிரான்சிஸ்கன் துறவியருக்கு இடம் பெற்றுத் தந்தார்கள். 1342-இல் திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட் அதை உறுதிப்படுத்தினார். 1555-இல் அத்துறவியரின் தலைவர் ரகூசா போனிஃபாசியு கல்லறையின் மேல் கட்டப்பட்டுச் சிதைந்திருந்த கூட்டைப் புதுப்பித்தார். ஒட்டோமான் ஆட்சியில் முதன்மை உரிமை கைமாறிக்கொண்டே இருந்தது. கிரேக்கர்கள் கான்ஸ்டான்டிநோபிளில் சுல்தானின் அரண்மனைக்கு அருகே இருந்தார்கள். இலத்தீன்காரர்களாகிய உரோமைக் கத்தோலிக்கருக்குப் பிரான்சும் வெனிசும் துணை. அரசாணைக்கு மேல் அரசாணை, பணத்துக்கு மேல் பணம். 1690-இல் கை ஓங்கியது இலத்தீன்காரர்களுக்கு. 1757-இல் குருத்து ஞாயிறு காலத்துக் கலவரத்துக்குப் பின் சுல்தான் மூன்றாம் உஸ்மான் தந்த ஆணையால் கிரேக்கர்களுக்கு. அந்த ஆணைகளை ஒவ்வொன்றாக அடுக்கி உங்களைக் களைப்பாக்க வேண்டியதில்லை.

ஆனால் 1808-ஐ விட்டுவிட முடியாது. அந்த ஆண்டு அக்டோபர் 12 இரவு ஆலயம் தீப்பிடித்தது. வட்ட மண்டபத்தின் மரக்கூரை எரிந்து கல்லறைக்கூட்டின் மேலேயே சரிந்தது. வெளிப்பூச்சு நொறுங்கினாலும் கூட்டின் உட்புறம் பெரும்பாலும் தப்பியது. அப்போது ஐரோப்பா முழுவதும் நெப்போலியன் போர்களில் வெந்துகொண்டிருந்தது; எருசலேம் கூரையைப் பற்றி யோசிக்கக் கத்தோலிக்க அரசர் எவருக்கும் நேரமில்லை. கிரேக்கர்கள் சுல்தான் இரண்டாம் மஹ்மூதிடம் பழுதுபார்க்கும் அனுமதி வாங்கினார்கள். ஆர்த்தடாக்ஸ் உலகின் ஏழை எளியவர்கள் காணிக்கை கொடுத்தார்கள். மித்திலேனியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நிக்கொலாவோஸ் கொம்னெனோஸ் 1810-க்குள் வேலையை முடித்தார். இன்று நாம் காணும் கல்லறைக்கூடு அவருடையது. நுழைந்ததும் பயணிகள் மண்டியிட்டு முத்தமிடும் பூசுதல் கல்லின் மேற்பலகையும் அந்தக் காலத்தது. சிலுவைப்போர்த் தலைவர்கள் காட்ஃப்ரேயும் முதலாம் பால்ட்வினும் அடங்கியிருந்த கல்லறைகள் அந்த வேலையோடு மறைந்துபோயின. இலத்தீன்காரர்கள் இன்றும் அதை மறக்கவில்லை. பழுதுபார்ப்பவருக்கே உடைமை என்ற விதி இவ்வளவு துலக்கமாக வேறெங்கும் செயல்பட்டதில்லை. அந்தத் தீக்குப் பிறகு ஒரு ஆணி அடிப்பதைக்கூட மற்றவர்கள் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள்.

அந்தச் சந்தேகம் உலக அரசியலாக வளர்ந்தது. 1847-இல் பெத்லகேம் பிறப்பு ஆலயத்தில் இலத்தீன் எழுத்துப் பொறித்த வெள்ளி நட்சத்திரம் காணாமல் போனது. பிரான்ஸ் கத்தோலிக்கருக்காகவும் ரஷ்யா ஆர்த்தடாக்ஸ் மக்களுக்காகவும் சுல்தானை நெருக்கின. 1852 பிப்ரவரியில் சுல்தான் அப்துல்மஜீத் ஓர் ஆணை பிறப்பித்தார்: இன்று யார் கையில் எது இருக்கிறதோ அது அப்படியே இருக்கட்டும். இதைத்தான் ‘ஸ்டேட்டஸ் கோ’, இருக்கும் நிலை, என்கிறார்கள். ரஷ்யாவுக்கு அதில் நிறைவில்லை. 1853-இல் தொடங்கி 1856-இல் முடிந்த கிரிமியப் போரில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பெரும்பாலோர் காலராவிலும் காய்ச்சலிலும். வல்லரசுகளுக்கு வேறு ஆசைகளும் இருந்தன என்பது உண்மை. ஆனால் சண்டைக்குக் கொடியாகத் தூக்கிப்பிடித்தது நம் ஆண்டவரின் கல்லறையை. 1878 பெர்லின் உடன்படிக்கை, திருத்தலங்களின் இருக்கும் நிலையை மாற்றக்கூடாது என்று பன்னாட்டுச் சட்டமாகவே எழுதியது.

அடிதடி நின்றுவிடவில்லை. முற்றத்திலிருந்து ஒரு சிற்றாலயத்துக்கு ஏறும் படிக்கட்டின் கடைசிப் படி, படியில் சேர்த்தியா, தரையில் சேர்த்தியா என்று கேள்வி எழுந்தது. படியென்றால் பெருக்குவது இலத்தீன்காரர், தரையென்றால் கிரேக்கர். 1901-இல் அந்த ஒற்றைப் படிக்காகத் துறவியர் இரத்தம் சிந்தினார்கள். வாசலுக்கு மேலே சன்னல் விளிம்பில் சாய்த்துவைத்த மர ஏணியை வழிகாட்டிகள் எல்லாப் பயணிகளுக்கும் காட்டுகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டுப் படங்களிலேயே அது இருக்கிறது. அதைப் படம்பிடிப்பவர்களில் பத்தில் ஒருவராவது சிரியன் சிற்றாலயத்துக்குள் எட்டிப்பார்த்தால் நன்றாக இருக்கும். சிரியர்களுக்கும் ஆர்மீனியர்களுக்கும் இடையே அதன் உரிமை தீராததால், தீக்கறை படிந்த சுவருக்கு ஒரு பூச்சுகூட இல்லாமல் கிடக்கிறது. ஏழைச் சபையின் வழிபாட்டிடம் அது.

1927 ஜூலையில் நிலநடுக்கம் வந்தது. அப்போது எருசலேமை ஆண்ட பிரிட்டிஷ் அரசு கட்டடத்தை ஆராய்ந்தது. இடிந்துவிழும் நிலை என்று அறிக்கை வந்தது. எந்தச் சபை எந்தச் சுவரைத் தொடுவது என்று ஒப்புதல் கிடைக்காததால் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். 1947-இல் கல்லறைக்கூட்டைச் சுற்றி இரும்பு உத்திரங்களால் கட்டிவைத்தார்கள். எழுபது ஆண்டு உலகக் கிறிஸ்தவர்கள் முத்தமிட்டது அந்த இரும்புக்கூட்டைத்தான். 1959-இல் மூன்று பெரிய சபைகளும் ஒருவழியாகப் பழுதுபார்க்க ஒப்புக்கொண்டன. ஆனாலும் வட்ட மண்டபக் குவிமாடத்தின் உட்புறத்தில் என்ன வரைவது என்பதில் உடன்பாடு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. கடைசியில் எந்தச் சபைக்கும் சொந்தமில்லாத ஒரு வடிவம், பன்னிரண்டு பொற்கதிர்கள், 1997-இல் திறக்கப்பட்டது.

2015 பிப்ரவரியில் ஒருநாள் இஸ்ரேலியக் காவல்துறை, பாதுகாப்பில்லை என்று சொல்லிக் கல்லறைக்கூட்டைச் சில மணி நேரம் மூடியது. தங்கள் கையைவிட்டுப் போகக்கூடும் என்ற நிலை வந்ததும் மூன்று சபைகளும் மறு ஆண்டே உடன்பட்டன. ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அந்தோனியா மொரோபுலுவின் குழு வேலையை ஏற்றது. 2016 அக்டோபர் 26-ஆம் தேதி, கல்லறைப் படுக்கையை மூடியிருந்த பளிங்குப் பலகையை நகர்த்தினார்கள். அறுபது மணி நேரம் மட்டுமே அனுமதி. கீழே இடிபாட்டுத் துகள். அதை அள்ளியபின் சிலுவை செதுக்கிய, உடைந்த இன்னொரு சாம்பல்நிறப் பலகை. அதற்கும் கீழே, பாறையில் வெட்டிய படுக்கை. அல்-ஹாக்கிமின் ஆட்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள் என்றுதான் பலர் எண்ணியிருந்தார்கள். அழியவில்லை, பக்கப் பாறைச் சுவர்களும் ஓராள் உயரத்துக்கு மேல் நின்றன. கீழ்ப்பலகையைப் பாறையோடு ஒட்டிய சாந்தைச் சோதித்ததில் 4-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, ஏறத்தாழ 345 என்று விடை வந்தது. கான்ஸ்டன்டைன் காலத்தவர் போற்றிய அதே இடத்தைத்தான் நாம் இன்றும் போற்றுகிறோம் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று இதற்குமுன் கிடைத்ததில்லை. உட்சுவரின் பளிங்கில் ஒரு சிறு சதுரம் வெட்டிக் கண்ணாடி பொருத்தினார்கள். இப்போது பயணிகள் பாறையைக் கண்ணால் பார்க்கலாம். 2017 மார்ச் 22-ஆம் தேதி, இரும்பு உத்திரங்கள் இல்லாமல், கூடு திறக்கப்பட்டது. செலவில் மூன்று சபைகளும் பங்கேற்றன; ஜோர்டான் முஸ்லிம் மன்னர் இரண்டாம் அப்துல்லாவும் சொந்தப் பணம் தந்தார். நிறைவு விழாவில் அந்தச் சபைகள் சேர்ந்து நின்றதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அந்த உடன்பாட்டிலிருந்து அடுத்த வேலை பிறந்தது. 2022 மார்ச்சில் தரைக்கற்களைப் பெயர்த்துச் செப்பனிடத் தொடங்கினார்கள். அகழ்வாய்வை நடத்துவது உரோமையின் சப்பியென்சா பல்கலைக்கழகம். தலைவர் பிரான்செஸ்கா ரொமானா ஸ்தசொல்லா. குவாரிக்கு மேல் இட்ட மண்ணில் ஒலிவ மரமும் திராட்சைக் கொடியும் வளர்ந்த தடயங்கள் கிடைத்தன என்று அவர் 2025-இல் அறிவித்தார். சிலுவையில் அறைந்த இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது என்று யோவான் நற்செய்தி மட்டும் சொல்வதை நீங்கள் அறிவீர்கள்.

இத்தனைக்கும் நடுவே ஆலயத்தின் கூரைமேல் ஒரு வழக்கு கிடக்கிறது. ஹெலெனா சிற்றாலயத்தின் மேல்தளத்தில் தேர் எஸ்-சுல்தான் என்ற துறவு இடம். மண் பூசிய சிறு குடில்களில் எத்தியோப்பியத் துறவியர் வாழ்கிறார்கள். இடம் தங்களுடையது என்கிறது காப்டிக் சபை. 1838 கொள்ளைநோயில் தங்கள் துறவியர் மாண்டபோது தங்கள் ஆவணங்கள் எரிக்கப்பட்டுவிட்டன என்பது எத்தியோப்பியர் முறையீடு. 1970 உயிர்ப்புப் பெருவிழா இரவில், காப்டிக் துறவியர் கீழே வழிபாட்டில் இருந்தபோது, எத்தியோப்பியர்கள் பூட்டுகளை மாற்றிவிட்டார்கள். திருப்பித் தரவேண்டும் என்று இஸ்ரேல் உச்சநீதிமன்றம் 1971-இல் சொன்னது, அரசு நிறைவேற்றவில்லை. 2002 கோடையில் ஒரு காப்டிக் துறவி வெயிலுக்காக நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டார். எல்லை மீறிவிட்டார் என்று தகராறு மூண்டு பதினொருவர் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்குள்ள சிற்றாலயத்தின் கூரையிலிருந்து கல் பெயர்ந்து விழுந்தபின், 2018 அக்டோபரில் அரசே செப்பனிட ஆள் அனுப்பியது. பழுதுபார்க்கும் உரிமை தங்களுடையது என்று காப்டிக் துறவியர் மறித்து நின்றார்கள். காவலர்கள் ஒரு துறவியைத் தரையில் கிடத்தி இழுத்துச் சென்றார்கள்.

இரு தரப்பும் எளிய மக்களின் சபைகள். எகிப்தில் காப்டிக் மக்கள் இரத்தசாட்சிகளைத் தந்துகொண்டிருக்கிறார்கள். எத்தியோப்பியர்கள் வறுமையிலும் எருசலேமை விட்டுப் போகாதவர்கள். இவர்களில் ஒருவரைக் குற்றவாளியாக்கி மற்றவரை வாழ்த்த எனக்கு மனமில்லை. கீழே கல்லறைக்கூட்டில் மூன்று பெரிய சபைகள் செய்ததை மேலேயும் செய்யலாம் என்பதே என் வாதம். உரிமை வழக்கு அதன் போக்கில் நடக்கட்டும். கூரை வேலைக்கான பணம் பொதுநிதியிலிருந்து வரட்டும். வேலை செய்ததால் எவருக்கும் எந்த உரிமையும் கூடாது, குறையாது என்று எழுதி ஆறு சபைகளும் கையெழுத்திடட்டும். சிரியன் சிற்றாலயத்தின் கரிச்சுவருக்கும் அதே தாளில் இடம் இருக்கும். பெரிய சபைகள் முன்கையெடுத்தால் இது நடக்கும். சிறிய சபைகள் தாமாக இதைத் தொடங்க முடியாது. நம்மைப் போன்ற கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் நம் தலைவர்களிடம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எருசலேம் போகிறவர்கள் அங்கேயும் ஏறிப் பாருங்கள். முகப்பைப் பார்த்து நின்றால் முற்றத்தின் வலதுபுறம் ஒரு சிறு கதவு இருக்கும். அதில் நுழைந்து இரண்டு சிற்றாலயங்களைக் கடந்து படியேறினால் கூரை வந்துவிடும். வழிகாட்டிகள் பலர் அழைத்துப் போவதில்லை. நீங்களாகத்தான் கேட்டுப் போகவேண்டும்.